காதால் பழகும் மோர்ஸ்: ஹாம் ரேடியோக்காரர்களுக்கு

எழுத்துகளைக் குறுகிய, நீண்ட ஒலிகளாக அனுப்பும் மோர்ஸ் குறியீட்டைப் பழகத் தொடங்கும் பலர் முதலில் செய்வது, புள்ளியும் கோடுமாக இருக்கும் அட்டவணை ஒன்றை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுவது. அதை முதல் நாளே கிழித்துப் போடுங்கள். கண்ணால் மனப்பாடம் செய்தவருக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் மூன்று வேலை. காதில் விழுந்ததை எண்ண வேண்டும், சுவரில் இருந்த படத்தை நினைவில் தேட வேண்டும், அப்புறம்தான் எழுத்து கிடைக்கும். நிமிடத்துக்கு 8, 10 சொல் வரை இப்படி ஒப்பேற்றலாம். அதற்கு மேல் அடுத்த எழுத்து வந்து நிற்கும்போது மனம் இன்னும் முந்தைய எழுத்தை எண்ணிக்கொண்டிருக்கும். பத்தைத் தாண்ட முடியாமல் வருடக்கணக்கில் திணறுபவர்களில் அநேகம் பேர் இப்படித் தொடங்கியவர்கள்தான். அவர்கள் பழகியதை மறந்து மறுபடி பழக வேண்டியிருக்கிறது, அது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

மிருதங்கம் கற்பவர் ‘தகதிமி’யை வாயால் சொல்லிப் பழகுகிறாரே தவிர நான்கு அடி என்று எண்ணிப் பழகுவதில்லை. மோர்ஸும் அப்படித்தான். ஆங்கில எழுத்து ‘கே’ என்றால் ‘டா-டி-டா’ என்ற ஒரே ஓசை. ‘எம்’ என்றால் ‘டா-டா’. குறுகிய ஒலியை டி என்றும், அது எழுத்தின் கடைசியில் வந்தால் டிட் என்றும், நீண்ட ஒலியை டா என்றும் சொல்வது ஹாம்களின், அதாவது அமெச்சூர் ரேடியோக்காரர்களின், வழக்கம். இங்கும் அப்படியே எழுதுகிறோம்.

இந்தக் காலத்தில் எதற்கு மோர்ஸ் என்று கேட்பவர்கள் உண்டு. குறுஅலையில் பேச மோர்ஸ் தேர்வு கட்டாயம் என்ற சர்வதேச விதி 2003-லேயே போய்விட்டது. அமெரிக்கா 2007-ல் தேர்வையே நீக்கியது. ஆனாலும் 7 மெகாஹெர்ட்ஸ், 14 மெகாஹெர்ட்ஸ் பட்டைகளின் அடிப்பகுதியைத் திருப்பிப் பாருங்கள், மாலையானால் சந்தடிதான். காரணம் கணக்கில் இருக்கிறது. எஸ்.எஸ்.பி. என்ற முறையில் குரலால் பேசுவதற்கு ஏறக்குறைய 2,400 ஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். மோர்ஸ் கேட்க 250 ஹெர்ட்ஸ் ஃபில்டர் போதும். உள்ளே வரும் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகிறது, அதாவது 10 டெசிபல் லாபம். 5 வாட்டும் மாடியில் கட்டிய ஒரு டைபோல் கம்பியும் வைத்துக்கொண்டு ஐரோப்பாவைப் பிடிக்க முடிவது இதனால்தான்.

நேர அளவு

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரு டிட்டின் நீளம். டா என்பது மூன்று டிட். ஒரே எழுத்துக்குள் ஒலிகளுக்கு நடுவே ஒரு டிட் இடைவெளி. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே மூன்று. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே ஏழு. ‘பாரிஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை அதன் பின்னால் வரும் இடைவெளியோடு சேர்த்தால் சரியாக 50 டிட் வரும். அந்தச் சொல்லை நிமிடத்துக்கு எத்தனை முறை அனுப்ப முடிகிறதோ அதுதான் உங்கள் வேகம். 1,200-ஐ வேகத்தால் வகுத்தால் டிட்டின் நீளம் மில்லிசெகண்டில் கிடைக்கும். 12 சொல் வேகத்தில் 100, 20 சொல் வேகத்தில் 60.

இந்த 60 மில்லிசெகண்டில்தான் விஷயமே இருக்கிறது. அவ்வளவு குறுகிய ஒலியை எண்ண நினைத்தாலும் எண்ண முடியாது. எனவே காது வேறு வழியின்றி முழு ஓசையைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் முதல் நாளிலிருந்தே எழுத்தை 18 முதல் 20 சொல் வேகத்தில் கேட்கச் சொல்கிறோம். எழுத்து வேகமாக ஒலிக்கட்டும், யோசிக்க வேண்டிய நேரத்தை எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். இதற்கு ஃபார்ன்ஸ்வர்த் முறை என்று பெயர். பயிற்சி மென்பொருள்களில் எழுத்தின் வேகம், மொத்த வேகம் என்று இரண்டு அமைப்புகள் இருக்கும். முதலாவதை 20-லும் இரண்டாவதை 8-லும் வைத்துத் தொடங்குங்கள். நாளாக ஆக இரண்டாவதை மட்டும் ஏற்றுங்கள். கஷ்டமாக இருக்கிறதென்று முதலாவதை 10-க்கு இறக்குவதுதான் செய்யவே கூடாத காரியம்.

தினமும் என்ன செய்வது

எழுத்துகளை எந்த வரிசையில் கற்பது என்பதற்கு 1930-களில் ஜெர்மானிய உளவியலாளர் லுட்விக் கோஹ் காட்டிய வழி இன்னும் நிலைத்திருக்கிறது. முதலில் இரண்டே எழுத்து. அவற்றைக் கலந்து முழு வேகத்தில் கேட்டு எழுத வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக வந்தால் மூன்றாவது எழுத்து. மறுபடி தொண்ணூறு வந்தால் நான்காவது. எல்.சி.டபிள்யூ.ஓ. என்ற இலவச இணையதளம் கே, எம், யூ, ஆர், ஈ, எஸ், என், ஏ என்ற வரிசையில் தொடங்கி 40 பாடங்களில் எழுத்து, எண், குறி எல்லாவற்றையும் முடிக்கிறது. கணினியில் இறக்கிக்கொள்ள ஜி4எஃப்ஓஎன் பயிற்சி மென்பொருள் உண்டு. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே இருங்கள். மென்பொருள் மாற்றுவது பயிற்சியைத் தள்ளிப்போடுவதற்கான நாகரிகமான வழி.

காலையில் 15 நிமிடம், மாலையில் 15 நிமிடம். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வாரம் முழுக்கத் தொடாமல் இருப்பதைவிட இது பல மடங்கு பலன் தரும். ஒரு தடவைக்கு ஒரு நிமிட அளவு ஒலியை எழுதுங்கள், திருத்துங்கள், அரை நிமிடம் ஓய்வு, மறுபடி அடுத்தது. 15 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து கேட்டால் காது மந்தமாகி, தெரிந்த எழுத்தும் தப்பும். ஒலியின் சுருதியை 500 முதல் 700 ஹெர்ட்ஸுக்குள் வையுங்கள். ஒரே சுருதியில் பழகிவிட்டால் காற்றலையில் வேறு சுருதி வரும்போது தடுமாறும், ஆகவே வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

இந்தத் திட்டத்தில் அரை மணி நேரம் தவறாமல் கொடுப்பவருக்கு எல்லா எழுத்தும் எண்ணும் வந்து சேர மூன்று, நான்கு மாதம் ஆகும். நடுவே ஒரு பாடத்தில் பத்து நாள் நின்றுபோவது சகஜம். அப்போது புது எழுத்தையும் அதோடு குழம்பும் எழுத்தையும் மட்டும் தனியே கலந்து கேளுங்கள். குழம்பும் கூட்டங்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எஸ், ஹெச், 5 என்பவை மூன்று, நான்கு, ஐந்து டிட். யூ, வி, 4 என்பவை அவற்றைப் போலவே ஓடி ஒரு டாவில் முடிபவை. எல் ‘டி-டா-டி-டிட்’, எஃப் ‘டி-டி-டா-டிட்’, இந்த இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஏமாற்றும். டபிள்யூ, ஜே, 1 இன்னொரு கூட்டம்.

இந்திய ஹாமுக்கு இதில் தப்பவே வழியில்லை. நம் கால்சைன் (நிலையத்தின் அழைப்புக்குறி) தொடங்குவதே வி, யூ, அதன் பின் பெரும்பாலும் 2 அல்லது 3. ‘டி-டி-டி-டா, டி-டி-டா, டி-டி-டா-டா-டா’. கேட்க அழகான ஓட்டம்தான், ஆனால் ஒரு டிட் கூடினாலோ குறைந்தாலோ ஆளே மாறிவிடுவார். உங்கள் கால்சைனை மட்டும் நூற்றுக்கணக்கான தடவை கேட்டும் அனுப்பியும் வையுங்கள். இரைச்சலுக்கு நடுவே அது காதில் விழுந்ததும் தூக்கிவாரிப் போட வேண்டும்.

எங்கே சிக்கும்

எழுத்து ஒன்று விட்டுப்போனால் அதைத் தேடிக்கொண்டு நிற்பதுதான் தொடக்கநிலையில் மிகப் பெரிய தவறு. ஒன்றைத் தேடுவதற்குள் அடுத்த மூன்று போய்விடும். விட்டது விட்டதுதான். அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். விடப் பழகுவதும் ஒரு தனிப் பயிற்சி. அது வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

அடுத்தது முன்கூட்டியே ஊகிப்பது. பயிற்சி வாசகம் மனப்பாடமாகிவிட்டால் காது தூங்கிவிடும், கை மட்டும் எழுதும். அதனால் ஒரே ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். அமெரிக்க ரேடியோ ரிலே லீக் தன் டபிள்யூ1ஏடபிள்யூ நிலையத்தின் பயிற்சி ஒலிகளை வெவ்வேறு வேகங்களில் இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது, புதிது புதிதாக வரும்.

15 சொல்லைத் தொடும்போது இன்னொரு தடை வரும். இம்முறை குற்றவாளி காது அல்ல, கை. பெரிய எழுத்தில் தனித்தனியாக எழுதுபவரின் பேனா அதற்கு மேல் ஓடாது. சிறிய எழுத்துக்கு மாறுங்கள் அல்லது தட்டச்சு செய்யுங்கள். இதைவிட நல்லது, மெல்ல மெல்லப் பேனாவையே கீழே வைப்பது. முதலில் இரண்டெழுத்துச் சொற்களை எழுதாமல் கேளுங்கள், பிறகு மூன்றெழுத்து, பிறகு கால்சைன்கள். ‘நேம்’, ‘ஆன்டெனா’வின் சுருக்கம், நன்றியின் சுருக்கமான ‘டீ.என்.எக்ஸ்.’, வாழ்த்துக்கான 73 இவையெல்லாம் எழுத்துகளாகக் கேட்பது நின்று முழுச் சொல்லாகவே விழத் தொடங்கும். பெயர், ஊர், சிக்னல் அளவு இவற்றை மட்டும் குறித்துக்கொண்டு மற்றதைத் தலையில் வாங்குவதுதான் அனுபவசாலிகளின் பழக்கம்.

ஜெனரல் கிரேடு உரிமத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இந்தியாவில் ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் கிடையாது. ஜெனரலுக்கு நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் கேட்கவும் அனுப்பவும் தெரிய வேண்டும். விண்ணப்பிக்கும்போது நடப்பு விதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தேர்வில் எழுத்தே மெதுவாக, டிட் 150 மில்லிசெகண்டாக ஒலிக்கக்கூடும். 20 சொல் எழுத்தில் பழகிய காதுக்கு அது இழுவையாகக் கேட்டுக் குழப்பும். கடைசி இரண்டு வாரம் மட்டும் தினம் பத்து நிமிடம் நிஜமான 8 சொல் வேகத்தைக் கேட்டுப் பழகினால் போதும். அதிலேயே தங்கிவிட வேண்டாம்.

கீ

பாதி எழுத்துகள் காதில் ஊன்றும்வரை மோர்ஸ் அனுப்பும் விசையான கீயைத் தொடாதீர்கள். சரியான ஓசை மனதில் பதியாமல் அனுப்பத் தொடங்கினால், தவறான தாளம் கையில் பதிந்துவிடும்.

முதல் கீ, மேலும் கீழுமாக அழுத்தும் ஸ்ட்ரெய்ட் கீயாக இருக்கட்டும். மேசை விளிம்பிலிருந்து முழங்கை வரை முன்கை படுக்க இடம் விட்டுக் கீயை உள்ளே தள்ளி வையுங்கள், அது நகராமல் ஒரு கனமான பலகையில் திருகுங்கள். குமிழைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றாலும் இலேசாகப் பிடியுங்கள். அசைய வேண்டியது மணிக்கட்டு, விரல் அல்ல. தொடுமுனைகளுக்கு நடுவே ஒரு அஞ்சலட்டை நுழையும் இடைவெளி தொடக்கத்துக்குச் சரி. இடைவெளி அதிகமானால் டிட் தாமதிக்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் டிட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இறுகினால் பத்து நிமிடத்தில் முன்கை வலிக்கும். 18 சொல்லுக்கு மேல் ஸ்ட்ரெய்ட் கீயில் வற்புறுத்தி அடிக்க வேண்டாம். தந்திக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் கை நரம்பே விட்டுப்போனதுண்டு. பக்கவாட்டில் அசையும் கீயும், அரைத் தானியங்கி ‘பக்’ கீயும் வந்ததே அந்த வலியால்தான்.

வேகம் வேண்டுமென்றால் பக்கவாட்டில் அழுத்தும் இரட்டைத் தகடு கொண்ட பேடிலுக்கு மாறுங்கள். வலது கைக்காரருக்குக் கட்டைவிரல் டிட், ஆள்காட்டி விரல் டா. நீளத்தைக் கீயர் என்ற மின்னணுச் சுற்று பார்த்துக்கொள்ளும், இடைவெளி மட்டும் உங்கள் பொறுப்பு. இரண்டு பேடிலையும் சேர்த்து அழுத்தினால் டிட்டும் டாவும் மாறி மாறி வரும். இதில் ஏ முறை, பி முறை என்று இரண்டு உண்டு. பி முறையில் விரலை எடுத்த பிறகும் எதிர் ஒலி ஒன்று கூடுதலாக வரும். எழுத்தின் முடிவில் வேண்டாத டிட் ஒன்று ஒட்டிக்கொண்டே வந்தால் குறை கையில் இல்லை, ரிக்கின் (ரேடியோப் பெட்டியின்) மெனுவில் இருக்கிறது. ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதிலேயே இருங்கள்.

இன்னொரு அடிக்கடி நேரும் விபத்து. ஸ்ட்ரெய்ட் கீயை மோனோ பின்னில் போட்டு ரிக்கில் சொருகியதும் ஓயாமல் டா-டா-டா என்று அடிக்கத் தொடங்கும். ரிக் பேடில் அமைப்பில் இருக்கிறது, மோனோ பின் நடு வளையத்தைத் தரையோடு ஷார்ட் செய்கிறது. மெனுவில் ஸ்ட்ரெய்ட் கீ என்று மாற்றினால் நின்றுவிடும். ஸ்டீரியோ பின்னில் பெரும்பாலும் நுனி டிட், வளையம் டா, உடல் தரை.

அனுப்பியதைத் திருத்த நல்ல ஆசிரியர் ஃபோனில் இருக்கும் மோர்ஸ் டிகோடர் செயலி. அதற்கு இரக்கமே கிடையாது. ‘சி’ எழுத்தின் நடுவே சற்றே நின்றால் அதை ‘என் என்’ என்று எழுதும். ‘ஏ’யையும் ‘என்’னையும் இடைவெளியின்றிச் சேர்த்தால் ‘டி-டா-டா-டிட்’, அது வேறு எழுத்து. ஆங்கிலத்தின் ‘தி’ என்ற சொல்லில் முதல் இரண்டு எழுத்தும் ஒட்டினால் அது 6. ‘திரு’, ‘முத்து’ என்று பெயர் வைத்திருக்கும் நம்மவர்கள் கவனிக்க வேண்டும், எதிரில் இருப்பவர் உங்களை ‘6ஐஆர்யூ’ என்று குறித்து வைத்திருப்பார்.

பழக ஒரு ஆசிலேட்டர்

ஒலிபரப்பாத பயிற்சிக் கருவிக்கு உரிமம் தேவையில்லை. ஒரு 555 ஐசி, 9 வோல்ட் பேட்டரி, கையில் கிடைக்கும் 8 ஓம் ஸ்பீக்கர் போதும். 1-ஆம் கால் தரை. 8-ஆம் கால் பேட்டரியின் பிளஸ். 8-க்கும் 7-க்கும் நடுவே 2.2 கிலோ ஓம், 7-க்கும் 6-க்கும் நடுவே 10 கிலோ ஓம். 6-ஐயும் 2-ஐயும் சேர்த்து, அங்கிருந்து தரைக்கு 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர். 5-லிருந்து தரைக்கு 0.01 மைக்ரோ ஃபாரட். 3-ஆம் காலிலிருந்து 100 ஓம், அடுத்து 10 மைக்ரோ ஃபாரட், அதன் பின் ஸ்பீக்கர், ஸ்பீக்கரின் மறுமுனை தரை. இந்த மதிப்புகளுக்குச் சுருதி ஏறக்குறைய 650 ஹெர்ட்ஸ். 10 கிலோ ஓமுக்குப் பதில் 12 கிலோ ஓம் போட்டால் 550 அளவுக்கு இறங்கும்.

கீயை பேட்டரியோடு தொடராக இணைப்பது எளிதுதான். அதைவிடச் சுத்தமான வழி, 4-ஆம் காலை 10 கிலோ ஓம் வழியாகத் தரைக்கு இழுத்துவைத்து, கீயை 4-க்கும் பிளஸுக்கும் நடுவே போடுவது. இதில் கீயை அழுத்தாதபோதும் 2.2 கிலோ ஓம் வழியாக 4 மில்லிஆம்பியர் ஓடும், ஐசி தன் பங்குக்கு இன்னும் சில மில்லிஆம்பியர் குடிக்கும். ஒரு சுவிட்ச் வைக்காவிட்டால் இரண்டு மூன்று நாளில் பேட்டரி காலி. ஹெட்ஃபோனில் கேட்பதானால் 100 ஓமுக்குப் பதில் 1 கிலோ ஓம் போடுங்கள், காதுக்கு நல்லது. ஒலி சதுர அலை, கொஞ்சம் கரகரக்கும். கை பழக இது போதும், காது பழகக் கணினியின் மென்மையான ஒலியே மேல்.

முதல் கான்டாக்ட்

எல்லோரும் பயப்படும் கட்டம் இது. பயத்துக்குக் காரணமே இல்லை, ஏனென்றால் மோர்ஸ் உரையாடலில் ஒரு அச்சு உண்டு. என்ன வரப்போகிறது என்று முன்பே தெரியும். முழுச் சொற்றொடரையும் ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், யாரும் பார்க்கப்போவதில்லை.

முதலில் இடம். 40 மீட்டரில் 7.010 முதல் 7.030 மெகாஹெர்ட்ஸ், 20 மீட்டரில் 14.060-ஐ ஒட்டி. 7.030-ம் 14.060-ம் குறைந்த சக்திக்காரர்கள் கூடும் இடங்கள், அங்கே வேகமும் நிதானமாக இருக்கும். ஒரு நிமிடம் சும்மா கேளுங்கள். பிறகு ‘க்யூ.ஆர்.எல்.’ என்று கேள்விக்குறியோடு அனுப்புங்கள், இடம் காலியா என்று அர்த்தம். பதில் இல்லையென்றால் இன்னொரு முறை. அதன் பின் அழைப்பு:

‘சி.க்யூ. சி.க்யூ. சி.க்யூ. டி.ஈ.’, உங்கள் கால்சைன் இரண்டு அல்லது மூன்று முறை, கடைசியில் ‘கே’. ‘சி.க்யூ.’ என்றால் எல்லோருக்கும் அழைப்பு, ‘டி.ஈ.’ என்றால் இன்னாரிடமிருந்து, ‘கே’ என்றால் பதில் சொல்லலாம்.

நீங்கள் அழைத்த வேகத்திலேயே பதில் வரும் என்பது மரியாதை. எனவே உங்களால் கேட்க முடிந்த வேகத்தில் அழையுங்கள், கை ஓடும் வேகத்தில் அல்ல. பதில் வேகமாக வந்தால் ‘க்யூ.ஆர்.எஸ்.’ என்றால் குறைப்பார்கள். கேட்கத் தவறினால் ‘ஏ.ஜி.என்.’ என்று கேள்விக்குறி போடுங்கள், மறுபடி சொல்வார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பதில் வந்ததும் முதல் சுற்றில் நான்கே விஷயம்: மாலை வணக்கமும் நன்றியும், சிக்னல் அளவு இரண்டு முறை, பெயர் இரண்டு முறை, ஊர் இரண்டு முறை. நடுவில் ‘டா-டி-டி-டி-டா’ என்ற பிரிப்புக்குறி. ‘எப்படிக் கேட்கிறது?’ என்பதற்கு ‘ஹெச்.டபிள்யூ.’வும் கேள்விக்குறியும். பிறகு அவர் கால்சைன், ‘டி.ஈ.’, உங்கள் கால்சைன், அவர் மட்டும் பதில் சொல்லலாம் என்பதற்கான ‘கே.என்.’. இரண்டாம் சுற்றில் ரிக், ஆன்டெனா, வானிலை. மூன்றாவதில் நன்றி, 73, முடிவுக்கான ‘எஸ்.கே.’. எல்லாம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு ‘டிட் டிட்’. அந்த இரண்டு டிட்டை விடாதீர்கள், உலகம் முழுக்க ஹாம்கள் கைகுலுக்குவது அப்படித்தான்.

சிக்னல் அளவில் முதல் எண் தெளிவு, 5 வரை. இரண்டாவது பலம், மூன்றாவது ஒலியின் தூய்மை, இரண்டும் 9 வரை. 599 என்பதைச் சுருக்கி ‘5 என் என்’ என்பார்கள், 9-க்குப் பதில் என். சாதாரணப் பேச்சில் நிஜ அளவையே கொடுங்கள், 559 என்றால் 559.

பெயரையும் ஊரையும் சுருக்கி முடிவு செய்துவிடுங்கள். திருச்சிராப்பள்ளியை ஆங்கிலத்தில் முழுசாக அடித்தால் 15 எழுத்து, ‘ட்ரிச்சி’ என்றால் ஆறு. செல்வகுமாரராக இருந்தால் காற்றலையில் ‘குமார்’ போதும்.

பதிலே வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் அலைவரிசை விலகல். அழைப்பவரின் ஒலி, நீங்கள் அனுப்பும்போது உங்களுக்கே கேட்கும் சைட்டோன் ஒலியின் சுருதியோடு ஒன்றும்வரை ரிக்கைத் திருப்பினால்தான் நீங்கள் அவர் மீது சரியாக அமர்கிறீர்கள். கேட்கும் அலைவரிசையை மட்டும் நகர்த்தும் ஆர்.ஐ.டீ. அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். 400 ஹெர்ட்ஸ் தள்ளி அழைத்தால், 250 ஹெர்ட்ஸ் ஃபில்டரோடு உட்கார்ந்திருப்பவருக்கு நீங்கள் இல்லவே இல்லை. உங்கள் பக்கமும் ஃபில்டரைத் தேடும்போது 500-லும் பேசும்போது 250-லும் வையுங்கள். அதற்கும் குறுக்கினால் ஒலி மணியடிப்பதுபோல் இழுக்கும், டிட்டுகள் ஒட்டிக் கேட்கும்.

நம் ஊரில் சித்திரை, வைகாசி இடியும் ஐப்பசி, கார்த்திகை மழையும் 40 மீட்டரைப் படபடவென்று பொரிக்கும். அந்த நாட்களில் 20 மீட்டருக்கு ஏறுங்கள். மற்றபடி இரைச்சலின் முக்கால் பங்கு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: மலிவு எல்.இ.டி. பல்பு, ஃபோன் சார்ஜர், இன்வெர்ட்டர். மெயின் சுவிட்சை அணைத்து 12 வோல்ட் பேட்டரியில் ஒருமுறை கேட்டால் தெரியும். தெரு முழுக்க கரண்ட் போன இரவு மோர்ஸ்காரருக்குத் திருவிழா.

காதுக்குத் தீனி

ரிக்கே இல்லாதவரும் கேட்கலாம். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இருக்கும் இணைய ரிசீவரில் குறுஅலை முழுவதும் கிடைக்கிறது.

14.100 மெகாஹெர்ட்ஸில் சர்வதேச வழிகாட்டி நிலையங்கள் 18, பத்துப் பத்து நொடியாக முறைவைத்து ஒலிக்கின்றன, மூன்று நிமிடத்துக்கு ஒரு சுற்று. ஒவ்வொன்றும் தன் கால்சைனை 22 சொல் வேகத்தில் அனுப்பி, நான்கு நீண்ட ஒலிகளை 100, 10, 1, 0.1 வாட்டில் விடும். வரிசையில் பத்தாவதாக வருவது கொழும்பில் இருக்கும் 4எஸ்7பி. வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டில் இருப்பவருக்குப் பக்கத்துக் கொழும்பு பெரும்பாலும் மங்கலாகவோ கேட்காமலோ போகும், ஹாங்காங் கணீரென்று விழும். 20 மீட்டர் அலை அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும்போது அருகிலிருக்கும் ஊர்களைத் தாண்டிப்போய்விடுகிறது. கால்சைன் கேட்டு எழுதும் பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் இல்லை: நேரத்தை வைத்து யார் என்று திருத்திக்கொள்ளலாம்.

நீங்கள் அனுப்புவது எங்கே எட்டுகிறது என்று பார்க்க ரிவர்ஸ் பீக்கன் நெட்வொர்க் இருக்கிறது. ‘சி.க்யூ.’வையும் கால்சைனையும் இரண்டு முறை சுத்தமாக அனுப்பிவிட்டுத் தளத்தைப் பாருங்கள். எந்த நாட்டு ரிசீவர் உங்களைப் பிடித்தது, எத்தனை டெசிபல், எத்தனை சொல் வேகம் எல்லாம் வந்து நிற்கும். இயந்திரம் படித்துவிட்டதென்றால் உங்கள் இடைவெளிகள் சரி. ஒன்றுமே வராவிட்டால் ஆன்டெனாவைப் பார்ப்பதற்கு முன் கையைப் பாருங்கள்.

வேகத்துக்குக் கூச்சப்படுபவர்களுக்கு ஆண்டுதோறும் ஜனவரி 1 ஸ்ட்ரெய்ட் கீ நாள், அன்று அவசரமே கிடையாது. நேர்மாறானது நவம்பர் கடைசி முழு வார இறுதியில் வரும் சி.க்யூ. உலகப் போட்டி. 30 சொல் வேகத்தில் மழையாகக் கொட்டும். ஆனால் தொடக்கநிலையாளருக்கு அது பயப்படும் அளவுக்கு இல்லை, ஏனென்றால் ஒவ்வொருவரும் கொடுப்பது ‘5 என் என்’, அதன்பின் மண்டல எண், அவ்வளவுதான். இந்திய நிலப்பரப்புக்கும் இலங்கைக்கும் 22, அந்தமானுக்கு 26. ஒரு நிலையத்தின் மேல் நின்று, அவர் கால்சைன் முழுதாகத் தெரியும்வரை நான்கைந்து சுற்று கேளுங்கள். அவர் அடுத்து என்ன எண் கொடுப்பார் என்பதும் அதற்குள் தெரிந்துவிடும். பிறகு உங்கள் கால்சைனை ஒரே ஒரு முறை போடுங்கள். திரும்பி வந்தால் ‘5 என் என் 22’ என்று அனுப்பிவிட்டு அடுத்தவரிடம் நகருங்கள்.

லாக் புத்தகத்தில் நேரம் உலகப் பொது நேரமான யூ.டி.சி.யில்தான் இருக்க வேண்டும், நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி குறைக்க வேண்டும். அதிகாலை 4 மணிக்குப் பேசியவருக்கு யூ.டி.சி.யில் அது முந்தைய நாள் இரவு 22:30. தேதியையும் சேர்த்து மாற்றாவிட்டால் எதிர்ப்பக்கத்து லாகோடு பொருந்தாமல், தொடர்பு நடந்ததற்கான அத்தாட்சியான க்யூ.எஸ்.எல். உறுதியாகாது.